ஆச்சிமார் எங்கே உட்காருவார்கள்?

சிங்கப்பூரில் பதினோரு வருடமாகக் கட்டட வரைபடம் போடுகிறேன். இலங்கையில் அனுராதபுரம் பக்கம் ஒரு சின்னக் கிராமத்து விகாரைக்குப் புத்தர் சிலை வைக்கும் கட்டடம் (புதுகெய என்கிறார்கள்) வரைந்து தரும் வேலை வந்ததும் நேராக ரேஸ்கோர்ஸ் சாலைக் கோயிலுக்குத்தான் போனேன், 15 மீட்டர் உயர புத்தரைப் பார்த்துவிட்டு வந்து அதே நினைப்பில் பெரிய கூடம், நான்கு பக்கமும் சுவர், நடுவில் சிலை என்று வரைந்துவிட்டேன்.

அங்கே வேலைக்கு வந்த மேசன் மலையகத் தமிழர். வரைபடத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார், "தம்பி, போயாவுக்கு ஆச்சிமார் எங்க குந்துறது?"

பதில் இல்லை என்னிடம். போயா என்றால் பௌர்ணமி. வெள்ளை உடுத்தி, காலையிலேயே சில் (பௌத்த ஒழுக்க விரதம்) எடுத்துக்கொண்டு, பொழுது சாயும்வரை விகாரையிலேயே இருப்பார்கள், பெரும்பாலும் வயதான பெண்கள். அடுத்த போயாவுக்கு இருந்து பார்த்தேன். வெயில் நகர நகர அவர்களும் அரசமர நிழலோடு பாயை இழுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். அதைப் பார்த்தபின் பழைய வரைபடத்தைத் தொட மனம் வரவில்லை.

கண்டி ராஜ்ஜிய காலத்தில் தம்பிட்ட விகாரை என்று கட்டியிருக்கிறார்கள். குட்டைக் கல்தூண்கள், மேலே மரச்சட்டம், அதன்மேல் மண்சுவரில் ஒரு சின்ன அறை. கறையானும் ஈரமும் ஏறாது. சாமிக்கு எவ்வளவு சின்ன அறை போதும் என்பதை அதில்தான் கற்றேன். சிலை அறையைப் பாதியாகக் குறைத்து, சுற்றிலும் 2.4 மீட்டர் அகலத்துக்குத் திண்ணை, தாழ்ந்த ஓட்டுக்கூரை, 150 மில்லிமீட்டருக்கு மேல் போகாத படிகள். எண்ணெய் விளக்குக் கரி சுவரில் படியாமல் இருக்க விளக்குகளுக்கு வெளியே தனிக் கொட்டகை. அரசமரக் கிளையை வெட்டுவதை அங்கே யாரும் நினைத்துக்கூடப் பார்க்க மாட்டார்கள், அதனால் அந்தப் பக்கம் கூரையை இரண்டடி குறைத்தோம்.

சரி, எல்லாம் சரியாக வந்ததா என்றால் இல்லை. வடகிழக்குப் பருவமழையில் அந்தக் குறைத்த பக்கம் சாரல் உள்ளே வருகிறது. ஆச்சிமார் எதிர்ப்பக்கத் திண்ணையில் நெருக்கி உட்காருகிறார்களாம், மேசன் போனில் சொன்னார். காற்றை மறைக்காமல் சாரலை மட்டும் தடுக்கிற மாதிரி ஒரு மூங்கில் தட்டி வரைந்துகொண்டிருக்கிறேன்.