நாய் பேசும், பையனுக்கு மட்டும் கேட்கும்: கொங்குத் தோட்டத்தில் ஒரு குறும்படம் எடுக்க

பேசும் நாயை வைத்துக் குழந்தைகளுக்குச் சிரிப்புப் படம் எழுத உட்கார்ந்தால், முதல் வரிக்கு முன்பே ஒன்றை முடிவு செய்துவிட வேண்டும். நாய் பேசுவது யார் காதில் விழும்? பையனுக்கு மட்டும்தான் என்றால் கடைசிக் காட்சி வரை பையனுக்கு மட்டும்தான். பாதிப் படத்தில் அப்பாருக்கும் (தாத்தாவுக்கும்) கேட்டுவிட்டால் அதோடு சிரிப்பு வற்றிவிடும். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் கண்ணுக்குப் பேரன் வாயில்லாச் சீவனிடம் நின்று வழக்காடுவது போலத் தெரிகிறதே, சிரிப்பு பிறப்பது அங்கேதான்.

ஒரு காட்சி:

நாய்: கறி காச்சறாங்க கண்ணு.
பையன்: எலும்பு உனக்கு, ஈரல் எனக்கு. சரியா?
அப்பாரு: ஆருகிட்டக் கண்ணு பங்கு பிரிக்கறே?

இதில் நாயின் வரியை அடித்துவிட்டுப் படியுங்கள். அப்பாரு கேட்பது அதுதான். அப்படிப் படித்தாலும் சிரிப்பு வந்தால் காட்சி தேறும், வராவிட்டால் திரும்ப எழுத வேண்டும். எல்லாக் காட்சிக்கும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள்.

அடுத்தது, நாய்க்கு என்ன தெரியும் என்பது. நாய்க்கு நீலமும் மஞ்சளும் நன்றாகப் பிரிந்து தெரியும். சிவப்பும் பச்சையும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரியும். ஆகவே நம் நாய் "சிவப்புச் சட்டைக்காரன்" என்று சொல்லக்கூடாது. "சாணி நாத்தத்தோட வந்தானே, அவன்" என்று சொல்லலாம். காலையில் இட்டேரியில் (வேலிகளுக்கு நடுவே போகும் வண்டிப்பாதையில்) யார் போனார்கள், எந்த வீட்டில் ஒறம்பரை (விருந்தாளி) வந்திருக்கிறது, பால்காரர் ஏன் இன்று வேறு வண்டியில் வந்தார், எல்லாம் மூக்கு வழியாகத் தெரிந்த சேதியாக வரட்டும். பரீட்சை விடை சொல்லித்தரும் நாயைவிட, தப்பான ஆளின் வாசத்தைக் கண்டுபிடித்துவிட்டு அதைச் சொல்லத் தெரியாமல் தவிக்கும் நாய்தான் குழந்தைகளுக்குப் பிடிக்கும்.

பேச வைக்கும் வழிகள் பல. மிக எளியது வாயே அசையாமல் மனக்குரல் மட்டும் போடுவது. 1993-ல் வந்த 'ஹோம்வர்ட் பவுண்ட்' படத்தில் இரண்டு நாயும் ஒரு பூனையும் படம் முழுக்க இப்படித்தான் பேசிக்கொண்டே போகும். இன்னொன்று, நிஜ விலங்கைப் படமெடுத்து வாயைக் கணினியில் அசைப்பது. 1995-ல் வந்த 'பேப்' நிஜ விலங்கு, இயந்திர பொம்மை, கணினி வாய் மூன்றையும் கலந்து காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கர் வாங்கியது. இயந்திரத் தலை செய்யும் செலவு நமக்குக் கட்டாது. தமிழில் 2022-ல் வந்த 'நாய் சேகர்' படத்தில் நாய்க்கு மிர்ச்சி சிவா குரல் கொடுத்தார். கார்ட்டூன் கீச்சுக்குரல் போடாமல், சலிப்போடு பேசும் மனிதக் குரலை நாய்க்கு வைத்தால் எடுபடும் என்பதற்கு அது நல்ல பாடம்.

12 நிமிடக் குறும்படத்துக்கு என் யோசனை கலப்பு வழி: வாய் அசையும் ஷாட் 20-க்கு மேல் வேண்டாம். மீதி வசனமெல்லாம் நாயின் முதுகுப் பக்கமிருந்தோ, சோறு தின்னும்போதோ, கேட்டுக்கொண்டிருக்கும் பையனின் முகத்தின் மேலோ வரட்டும். கோவை ராமநாதபுரத்துக்காரரான சாண்டோ சின்னப்பா தேவர் 1971-ல் இந்தியில் 'ஹாத்தி மேரே சாத்தி' எடுத்து, மறு வருஷமே தமிழில் 'நல்ல நேரம்' ஆக்கினார். அதில் யானை ஒரு வார்த்தை பேசாது. அது என்ன நினைக்கிறது என்பது தியேட்டரில் கடைசி வரிசைக்கும் புரியும். பார்வை சரியாக விழுந்தால் வாய்க்கு வேலை குறைவு.

வாய் அசையும் ஷாட்டுக்கு வசனம் எழுதுவது தனி வேலை. ப, ம, வ மூன்றுக்கும் உதடு வேண்டும். நாயின் மேலுதடும் கீழுதடும் நம்மைப்போல ஒட்டிப் பிரிவதில்லை, அந்த எழுத்து வரும் இடத்தில் பார்க்கிறவர்களுக்கு உறுத்தும். கொங்குப் பேச்சு இதற்கு வாகாக இருக்கிறது. "ஏங்கண்ணு, சோறாச்சா?", "இட்டேரில ஆரோ நிக்கறாங்க", இரண்டிலும் உதடு ஒட்டும் எழுத்தே கிடையாது, தாடை திறந்து மூடினால் போதும். "அப்பத்தா", "அம்மிச்சி" என்று சொல்லியே ஆக வேண்டுமானால் அந்த வார்த்தையின்போது பையன் பக்கம் வெட்டிவிடுங்கள். ஒரு ஷாட்டுக்கு நாலு வார்த்தைக்கு மேல் வைக்காதீர்கள். நாய் தலையை ஆட்டாமல் மூன்று நாலு விநாடி நிற்பதே பெரிது.

நாய் தேர்வு. தோட்டத்தில் காவலுக்கு நிற்கும் நாட்டு நாயே போதும். இரண்டிலிருந்து ஐந்து வயது, புது ஆளைக் கண்டால் ஒளியாத, பாயாத குணம். செவலை நிறத்தில், உதட்டோரம் மட்டும் கருப்பாக இருந்தால் கணினி வேலை பாதியாகக் குறையும், வாய்க்கோடு தெளிவாகத் தெரியும் என்பதால். முழுக் கருப்பு நாயில் வாய் எங்கே என்றே தெரியாது; சடை முகத்தில் ஒவ்வொரு மயிரையும் வெட்டி ஒட்ட வேண்டிவரும். பெட்டை நாயானால் பருவத்துக்கு வரும் காலம் பார்த்துத் தேதி வையுங்கள், இல்லாவிட்டால் ஊர் நாயெல்லாம் லொகேஷனுக்கு வந்துவிடும். வெறிநாய்த் தடுப்பூசியும் குடற்புழு மருந்தும் படப்பிடிப்புக்கு ஒரு மாதம் முன்பே முடிந்திருக்க வேண்டும். நாமக்கல்லிலும் உடுமலையிலும் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, உடல்தகுதியை அங்கேயே பார்த்துக்கொள்ளலாம்.

பழக்குவதற்கு மூன்று நாலு வாரம் ஒதுக்குங்கள். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், நாளுக்கு மூன்று தடவை, சோற்றுக்கு முன்னால். உப்பில்லாமல் வேகவைத்த கோழிக்கறியை நிலக்கடலை அளவுக்கு நறுக்கிக்கொள்ளுங்கள். குழம்பில் கிடந்த கறி வேண்டாம், வெங்காயமும் பூண்டும் நாய்க்கு நஞ்சு. நாக்கைச் சொடுக்கி ஒரு சத்தம், உடனே கறி. சத்தம் வந்தால் "செய்தது சரி" என்று நாய்க்குப் படிந்துவிடும். நிற்க வேண்டிய இடத்துக்கு ஒரு சாக்குத்துண்டு போட்டுப் பழக்கி, நாளாக ஆக அதை நறுக்கிச் சிறிதாக்குங்கள். கடைசியில் உள்ளங்கை அளவு துண்டு மண்ணில் கிடந்தாலும் அதன்மேல் வந்து நிற்கும், கேமராவில் தெரியாது. கற்பிக்க வேண்டியது ஐந்தே காரியம்: வா, நில், உட்கார், இந்தப் பக்கம் பார், தலையைச் சாய்.

எல்லாப் படத்திலும் கெடுவது பார்வைதான். பழக்கியவர் கேமராவுக்குப் பக்கத்தில் கறியோடு நிற்பார், நாய் அவரையே பார்க்கும். எடிட்டில் போட்டால் நாய் தென்னை மரத்தோடு பேசுவது போல இருக்கும். பழக்குபவர் பையனுக்குப் பின்னால் குந்தி, கறித்துண்டைப் பையனின் காதோரம் பிடிக்க வேண்டும். அதைவிட நல்லது, அந்த ஒரு மாதமும் பையனே தினம் சோறு வைப்பது. அப்போது நாய் தானாகவே அவன் முகத்தைப் பார்க்கும். வர்க்கி தின்ற கையோடு பையனை ஷாட்டுக்கு விடாதீர்கள், நாய் கையை நக்குவதிலேயே நேரம் போய்விடும்.

பையனுக்குச் சில கட்டளை: நாயின் கழுத்தைக் கட்டிப்பிடிக்காதே, மூஞ்சியோடு மூஞ்சி வைக்காதே, தின்னும்போது தொடாதே. தூக்கம் வராமல் கொட்டாவி விடுவது, சும்மா உதட்டை நக்குவது, உடம்பை விறைத்துக்கொண்டு கடைக்கண்ணில் வெள்ளை தெரியப் பார்ப்பது, இவையெல்லாம் நாய் "போதும்" என்று சொல்வது. உடனே நிறுத்துங்கள்.

தேதிக்கு மார்கழி, தை நல்லது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பொள்ளாச்சி, உடுமலை, காங்கேயம் பக்கம் வீசுகிற வீச்சில் தென்னை ஓலைச் சத்தம் ஒலிப்பதிவைத் தின்றுவிடும். காற்றில் வரும் வாசமெல்லாம் நாயை இழுக்கும். பல்லடம், சோமனூர் பக்கமானால் தறிச்சத்தம் எந்நேரம் நிற்கும் என்று விசாரித்துக்கொள்ளுங்கள். வெயில் காலத்தில் எடுப்பதானால் காலை ஆறரையிலிருந்து ஒன்பதரை, பிறகு நாலு மணிக்கு மேல். புறங்கையைத் தரையில் 7 விநாடி வைக்க முடியாவிட்டால் நாயின் பாதத்துக்கும் அந்தத் தரை ஆகாது.

வெயிலைத் தவிர்க்க இன்னொரு காரணமும் உண்டு. சூடேறிய நாய் வாயைத் திறந்து இளைத்துக்கொண்டே இருக்கும். கணினியில் வாயை அசைக்க வாய் மூடிய, தலை ஆடாத ஷாட் வேண்டும். திறந்த வாயை மூடுவது பெரும்பாடு. நிழலில் ஈரச் சாக்கில் படுக்க வைத்து, தண்ணீர் காட்டி, இளைப்பு அடங்கிய பிறகு கேமராவை ஓடவிடுங்கள்.

கேமரா நாயின் கண் உயரத்தில், தரையிலிருந்து சுமார் 45 செ.மீ., ஸ்டாண்டில் அசையாமல். ஷட்டர் 1/100 வையுங்கள். 1/50-ல் மூக்கு மங்கலாகி டிராக்கிங் (நாயின் முக அசைவைக் கணினி பின்தொடர்வது) வழுக்கும். லென்ஸ் திறப்பை எஃப் 2-ல் வைத்து எடுத்தால் மூக்கு தெளிவாகவும் கண் மங்கலாகவும் வரும், 5.6 பாதுகாப்பு. 4கே-யில் எடுத்தால் பிறகு நெருக்கிக்கொள்ளலாம். நாயின் வசனத்தை ஒருவர் நாயின் தலை உயரத்தில் குந்தி வாசிக்க வேண்டும். நின்றுகொண்டு வாசித்தால் பையன் கண் மேலே போய்விடும்.

வாய் வேலைக்கு இலவச மென்பொருளான பிளெண்டரே போதும். குரலை முதலில் டப்பிங் முடித்துவிட்டுத்தான் வாயைத் தொட வேண்டும். கீழ்த்தாடையை மாஸ்க் போட்டு (ஓரம் வரைந்து வெட்டி) தனி லேயராக, அதாவது தனி அடுக்காக, பிரியுங்கள். தாடை சுழலும் புள்ளியைக் கண்ணுக்குப் பின்னால், காதுக்குக் கீழே வையுங்கள். உதட்டு மூலையில் வைத்தால் பொம்மலாட்டப் பொம்மை மாதிரி டக் டக்கென்று அடிக்கும். தாடை இறங்கும்போது பின்னால் ஓட்டை தெரியாமல் நெஞ்சு மயிரை ஒட்டுப்போட வேண்டும். வாயின் உட்புறம் அட்டக்கருப்பு வேண்டாம், கருஞ்சிவப்பு, சின்னதாகக் கீழ்ப்பல், லேசாக அசையும் நாக்கு. வாய் திறப்பது சத்தத்துக்கு இரண்டு ஃபிரேம் முன்னால் இருக்கட்டும். தொண்டையும் மீசை மயிரும் கூடவே கொஞ்சம் அசைந்தால்தான் வாய் தனியாக மிதக்காது. விநாடிக்கு 25 ஃபிரேம் வீதம் எடுத்தால் மூன்று விநாடி ஷாட் 75 ஃபிரேம். புதிதாகச் செய்பவர் ஒரு ஷாட்டுக்கு ஒரு முழு நாள் வைத்துக்கொள்ள வேண்டும். ஒலியில் வசனத்துக்கு முன் ஒரு முகர்தலோ தும்மலோ சேர்த்தால் குரல் அந்த உடம்புக்குள்ளிருந்து வருவது போல ஒட்டிக்கொள்ளும்.

அனுமதிகளைக் கடைசிக்கு விடாதீர்கள். விலங்கை நடிக்க வைக்க 2001-ஆம் ஆண்டு விதிகளின்படி இந்திய விலங்குகள் நல வாரியத்தில் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். வாரியம் முன்பு சென்னையில் இருந்தது, இப்போது ஹரியானாவில். தியேட்டருக்குப் போவதானால் தணிக்கைக்கு வாரியம் தரும் சான்று கட்டாயம். குழந்தை நடிகருக்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். 2017 விதிப்படி நாளுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வில்லாமல் மூன்று மணி நேரம் தாண்டக்கூடாது, தொடர்ந்து 27 நாளுக்கு மேல் கூடாது. சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தை பேரில் வங்கியில் வைப்புநிதியாகப் போக வேண்டும். அந்தக் கணக்கைப் படப்பிடிப்புக்கு முன்பே திறந்துவிட்டால் பிறகு அலைய வேண்டியதில்லை.