பேத்தியைத் தூக்குவதற்கு முன் போட்டுக்கொண்ட ஊசி

சிட்னியில் இருக்கும் மகளின் பிரசவத்துக்காக நானும் என் மனைவியும் விசாவுக்கு அலைந்துகொண்டிருந்த நாளில், வரும்போது கொண்டுவர வேண்டியவற்றின் பட்டியல் வாட்ஸ்அப்பில் வந்தது. சுக்கு, கருப்பட்டி, குழந்தையைச் சுற்றுவதற்குத் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய வேட்டி நான்கு என்று நீண்ட அந்தப் பட்டியலின் கடைசி வரியில், நாங்கள் இருவரும் கக்குவான் இருமலுக்கான தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும் என்றும், குழந்தையைப் பார்ப்பதற்குக் குறைந்தது இரண்டு வாரத்துக்கு முன்பே அதை முடித்துவிட வேண்டும் என்றும் எழுதியிருந்தாள்.

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. 1958இல் கோவில்பட்டிக்குப் பக்கத்துக் கரிசல் கிராமம் ஒன்றில் பிறந்தவன் நான். ஐந்தாறு வயதில் எனக்குக் கக்குவான் வந்து, இருமி இருமிக் கடைசியில் குடித்த கஞ்சியையெல்லாம் வெளியே கக்கியதையும், தெருவில் கழுதையை ஓட்டி வந்தவளிடம் என் ஆத்தா ஒரு சங்கு கழுதைப்பால் வாங்கிப் புகட்டியதையும் வீட்டில் பல தடவை சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒருமுறை வந்துபோன நோய்க்கு அறுபது வயதுக்கு மேல் எதற்கு ஊசி என்று மகளிடம் தொலைபேசியில் கேட்டேன். "அம்மையா அப்பா இது, ஒருதரம் வந்தால் திரும்பி வராமல் இருக்க?" என்று கேட்டாள்.

அவள் சொன்னதையும் பிறகு நானாகத் தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். இந்த நோய் வந்துபோனாலும் சரி, சிறுவயதில் முத்தடுப்பு ஊசி போட்டிருந்தாலும் சரி, உடம்பில் உண்டாகும் காப்பு ஆயுளுக்கும் நிற்பதில்லை. சில ஆண்டுகளில் தேயத் தொடங்கிவிடுகிறது. அதன்பின் பெரியவர்களைக் கிருமி பிடித்தால், பல நேரங்களில் அது வாரக்கணக்கில் விடாத வறட்டு இருமலாக மட்டுமே தெரியும். நாமும் பனியால் வந்தது, தூசியால் வந்தது என்று பனங்கற்கண்டை வாயில் போட்டுக்கொண்டு நடமாடுவோம். பச்சைக் குழந்தைக்கோ இருமக்கூடத் தெம்பு இருக்காது. இருமலின் முடிவில் மூச்சை இழுக்கும்போது வரும் அந்தக் கூவல் ஒலி சின்னஞ்சிறு சிசுக்களிடம் பெரும்பாலும் கேட்காது. அதற்குப் பதில் மூச்சே சற்று நின்று, உதடு நீலம் பாரிக்கும். இந்நோயால் இறப்பவர்களில் பெரும்பகுதியினர் சில மாதங்கள்கூட நிரம்பாத குழந்தைகளாக இருப்பது இதனால்தான்.

குழந்தைக்கு முதல் தவணை ஊசி, நம் ஊரிலும் ஆஸ்திரேலியாவிலும், ஆறு வாரம் ஆன பிறகுதான். அதுவரை அதற்கு இருப்பது தாயின் ரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடி வழியாக வரும் எதிர்ப்பாற்றல் மட்டுமே. ஆகவே முதல் காரியம் கர்ப்பிணிக்குப் போடும் ஊசிதான். எங்களைப் போன்ற தாத்தா பாட்டிகளுக்குப் போடுவது அதற்கு அடுத்தபடி. ஆஸ்திரேலியாவில் ஒவ்வொரு கர்ப்பத்தின்போதும் 20 முதல் 32 வாரத்துக்குள் போட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள். அதை இலவசமாகவே போடுகிறார்கள். 2012 அக்டோபரில் இங்கிலாந்து இந்த வழக்கத்தைத் தொடங்கியபின் அங்கே எடுத்த கணக்கில், தாய் ஊசி போட்டுக்கொண்டதால் சிசுக்களுக்குக் கிடைத்த பாதுகாப்பு ஏறக்குறையப் பத்தில் ஒன்பது பங்கு என்று தெரியவந்தது.

குடும்பத்தார் அனைவருக்கும் ஊசி போட்டுக் குழந்தையைச் சுற்றிக் கூடு கட்டுவது என்ற யோசனை அதற்கும் முந்தியது. ஆனால் மாமா, அத்தை, சித்தி என்று எல்லோரையும் பிடித்து வந்து ஊசி போடுவது நடக்கிற காரியமாக இல்லை. இப்போதைய ஊசி போட்டுக்கொண்டவர் நோயில் விழாவிட்டாலும் கிருமியைச் சுமந்து பரப்பக்கூடும் என்பதை 2013இல் அமெரிக்காவில் பபூன் குரங்குகளை வைத்துச் செய்த ஆய்வும் காட்டியது. ஆகவே ஊசி போட்டுவிட்டேன், இனி இருமிக்கொண்டே கொஞ்சலாம் என்று யாரும் நினைக்க வேண்டியதில்லை. இருந்தாலும், நோயில் விழாதவன் வீடு முழுக்க இருமித் தெறிக்கப் போவதில்லை; நாளெல்லாம் குழந்தையை மடியில் வைத்திருக்கப் போகிறவர்களுக்கு அந்த அளவு காப்பே பெரிது என்பது என் கணக்கு. 2024இல் மட்டும் ஆஸ்திரேலியாவில் 57,000 பேருக்கு மேல் கக்குவான் பதிவானது. 1991இல் கணக்கெடுக்கத் தொடங்கியதிலிருந்து அத்தனை பேருக்கு எந்த ஆண்டும் வந்ததில்லை.

சரி என்று ஒத்துக்கொண்டு எங்கள் ஊர்க் கிளினிக் ஒன்றுக்குப் போனோம். வெளிநாடு போகிறோம், பிறந்த குழந்தை இருக்கும் வீடு என்று சொன்னதும், அங்கிருந்த செவிலியர் தலையாட்டிவிட்டு இருவருக்கும் ஊசியைப் போட்டார். நாங்களும் பணத்தைக் கட்டிவிட்டு வந்துவிட்டோம். ரசீதைப் படம் எடுத்து அனுப்பிய ஐந்தாவது நிமிடம் மகளிடமிருந்து அழைப்பு வந்தது. அதில் இருந்தது டி.டி. என்ற இரண்டே எழுத்து. வேண்டியது, ரணஜன்னி, தொண்டை அடைப்பான், கக்குவான் மூன்றையும் தடுக்கும் டி-டேப். பழைய ரணஜன்னி ஊசியையும் டி.டி. என்கிறோம், இப்போது ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளுக்கும் போடுகிற, ரணஜன்னியோடு தொண்டை அடைப்பானையும் தடுக்கும் ஊசியையும் டி.டி. என்றுதான் சொல்கிறோம். இரண்டிலுமே கக்குவானுக்கு ஒன்றும் கிடையாது. கருவூலத்தில் முப்பத்திரண்டு ஆண்டு ஓர் எழுத்துப் பிசகினாலும் பில்லைத் திருப்பி அனுப்பியவன், என் கையில் ஏறும் மருந்தின் பெயரைப் பார்க்காமல் சட்டைக் கையை மடித்துக்கொடுத்திருக்கிறேன்.

இரண்டு நாள் கழித்து மதுரைக்குப் போய், குழந்தைநல மருத்துவர் ஒருவரிடம் நடந்ததைச் சொன்னோம். முதல் ஊசிக்கும் இதற்கும் நடுவே இத்தனை மாதம் கடந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை, கை மட்டும் சற்று அதிகமாக வலிக்கலாம் என்றார். பெரியவர்கள் யாரும் கேட்டு வருவதில்லையாம். அதனால் மருந்தை வரவழைத்துத்தான் போட வேண்டியிருந்தது. மறுநாள் குளிர்பெட்டியிலிருந்து எடுத்த சிறிய அட்டைப்பெட்டியை என்னிடமே கொடுத்து வாசிக்கச் சொன்னார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நோயின் பெயர்கள் மூன்றும் இருக்கின்றனவா என்று ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்தேன். இடது தோள் இரண்டு நாள் கனத்துக் கிடந்ததோடு சரி. பயணத்துக்கு அப்போது பத்தொன்பது நாள் பாக்கி இருந்தது.

பேத்தி ஜூலையில் பிறந்தாள். மூன்றாவது வாரம், சிட்னிக் குளிரில், எனக்கு இருமல் தொடங்கியது. ஊசி போட்டிருக்கிறதே என்று மகள் சொல்வாள் என எதிர்பார்த்தேன்; அவளோ என் தட்டையும் தண்ணீர்க் குவளையையும் எடுத்துப்போய் மாடி அறையில் வைத்துவிட்டு, மாப்பிள்ளையோடு என்னை மருத்துவரிடம் அனுப்பினாள். மூக்கினுள் குச்சியை விட்டு மாதிரி எடுத்தார்கள். கக்குவானாக இருந்தால் தொடக்கத்திலேயே ஆன்டிபயாட்டிக் கொடுத்து, ஐந்து நாள் ஒதுங்கியிருந்தால் பிறருக்குப் பரவாது என்று மருத்துவர் விளக்கினார். முடிவு வரும்வரை கீழேயிருந்து வந்த பூண்டுக் குழம்பின் வாசனையும் பிள்ளையின் அழுகையுமே எனக்குத் துணை. இரண்டாம் நாள் மாலை, அது வெறும் சளிக்காய்ச்சல்தான் என்று செய்தி வந்தது. அப்படியும் இருமல் முழுதாக அடங்கும்வரை பிள்ளையைத் தரமாட்டேன் என்று என் மனைவி மறுத்துவிட்டாள்.

அடுத்த தெரு நண்பர் ஒருவர், மருமகளின் பிரசவத்துக்காக அடுத்த மாதம் டொராண்டோ போகிறார். ஊசி போட்டாயிற்று என்றார். எந்த ஊசி என்று கேட்டேன். "அதான், டி.டி." என்றார். கையோடு மதுரை மருத்துவரின் எண்ணைக் கொடுத்து, ஊசியைக் குத்துவதற்கு முன்பே அட்டைப்பெட்டியைப் படம் எடுத்து மகனுக்கு அனுப்பிவிடும்படி சொல்லியிருக்கிறேன்.