வாரண்ட் எண்ணைப் பிடியுங்கள்

லண்டன் மாநகரக் காவல்துறையின் பழைய பதிவுகளில் ஓர் அதிகாரியைத் தேடுகிறீர்களா? முதலில் அவருடைய வாரண்ட் எண்ணை, அதாவது வேலையில் சேரும்போது அவருக்குக் கொடுத்த எண்ணை, கண்டுபிடியுங்கள். காலரில் இருக்கும் எண் பிரிவு மாறினால் மாறிவிடும். வாரண்ட் எண் கடைசிவரை அதேதான். பெயரை மட்டும் நம்பினால் ஒரே பெயரில் இரண்டு மூன்று பேர் வந்து நிற்பார்கள்.

பதவி உயர்வுத் தேதிகளிலும் கவனம் வேண்டும். ‘ஜாக் தி ரிப்பர்’ செய்ததாகச் சொல்லப்படும் ஒயிட்சேப்பல் கொலைகளை விசாரித்த ஃபிரெடெரிக் அப்பர்லைனையே எடுத்துக்கொள்ளுங்கள். 1863-ல் வேலையில் சேர்ந்தார், 1865-ல் சார்ஜென்ட், 1873-ல் இன்ஸ்பெக்டர். 1888-ல் அந்த வழக்கு நடந்தபோதும் இன்ஸ்பெக்டர்தான். தலைமை இன்ஸ்பெக்டர் ஆனது 1890-ல். 1888-லேயே அவரைத் தலைமை இன்ஸ்பெக்டர் என்று எழுதுவதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. ஒரு மனிதர் பல வருடம் உழைத்து ஏறிய படி அது.

அப்புறம், ஓய்வூதியப் பதிவேட்டை விட்டுவிடாதீர்கள். அங்க அடையாளங்கள்கூட அதில் இருக்கும். எனக்கு மிகவும் பிடித்த ஆவணம் அதுதான்.