ஸ்பான்சர் படிகள்: விலைக்கு முன் மணிக்கணக்கு

கட்டற்ற மென்பொருள் திட்டம் ஒன்றுக்கு ஸ்பான்சர் படிகள் (இவ்வளவு பணம் தந்தால் இன்ன சலுகை என்ற அடுக்குகள்) அமைக்க உட்காரும்போது முதலில் எழுதப்படுவது பெரும்பாலும் விலைதான். 5 டாலர், 50 டாலர், 500 டாலர் என்று வரிசையாகப் போட்டுவிட்டு, எதிரே என்ன தரலாம் என்று பிறகு யோசித்து நிரப்புவார்கள். அந்த இடத்திலேயே சிக்கல் தொடங்கிவிடுகிறது. ஒவ்வொரு படியும் திட்டத்தை நடத்திவரும் பராமரிப்பாளர்களின் நேரத்தை முன்கூட்டியே விற்கிறது. மாதத்துக்கு எத்தனை மணிநேரம் கைவசம் இருக்கிறது, அதில் ஸ்பான்சர்களுக்கென்று எவ்வளவு ஒதுக்கலாம் என்பது முடிவான பிறகுதான் விலையைத் தொட வேண்டும்.

“முன்னுரிமை உதவி” என்ற சலுகையை எடுத்துக்கொள்ளுங்கள். 50 டாலர் படியில் 20 பேர் சேர்ந்தால் மாதம் 1000 டாலர். அவர்களில் பாதிப் பேர் மாதம் ஒரு கேள்வி கேட்கிறார்கள். பிழையை நம் கணினியில் வரவழைத்துப் பார்த்துப் பதில் எழுத ஒவ்வொன்றுக்கும் 2 மணிநேரம் ஆகிறது என்றால், 20 மணிநேரம் போய்விடும். வேலை முடிந்த மாலைகளில் திட்டத்தைக் கவனிக்கும் ஒருவருக்கு அதுதான் மாதத்தின் மொத்த நேரமாக இருக்கும். எந்த வெளியீட்டுக்காக, எந்தப் பிழைத் திருத்தத்துக்காகப் பணம் கேட்டோமோ அதுவே நின்றுபோகும். ஆகவே உதவியை மேல்படிகளுக்கு மட்டும் வைத்து, அளவை எழுத்தில் போட்டுவிட வேண்டும்: மாதம் 2 மணிநேரம் வரை, இரண்டு வேலைநாட்களுக்குள் முதல் பதில், பயன்படுத்தாத நேரம் அடுத்த மாதத்தில் சேராது. முதல் பதிலுக்குத்தான் கெடு, தீர்வுக்கு இல்லை என்பதையும் தனியாகச் சொல்லிவிடுங்கள். இந்த ஒரு வரி இல்லாததால்தான் பல மனக்கசப்புகள் வருகின்றன.

கீழ்ப்படிகளில் தருவது எதுவும் கை வேலையைக் கேட்கக் கூடாது. ரீட்மீயில் (திட்டத்தின் அறிமுகக் கோப்பில்) தானாகச் சேரும் பெயர், நன்றி வரி, போதும். ஸ்டிக்கர் அனுப்புகிறோம் என்று எழுதினால் தபால்செலவு 5 டாலரை விழுங்குவதோடு, பலரின் வீட்டு முகவரிகளைப் பாதுகாக்கும் பொறுப்பும் வந்து சேரும். பெயர்ப்பட்டியலைத் தானாக உருவாக்கும் நிரலிலும் ஒரு கவனம் தேவை. நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பின் நிதி வசதியான கிட்ஹப் ஸ்பான்சர்ஸில் பெயரை மறைத்துப் பணம் தரும் வசதி உண்டு. பராமரிப்பாளரின் டோக்கனோடு (அவர் கணக்கில் நுழைய நிரலுக்குத் தரும் சாவி), மறைந்திருப்போரையும் சேர்க்கும் தெரிவை இயக்கிப் பட்டியல் எடுத்தால் அந்தப் பெயர்களும் பொதுவில் வந்துவிடும்.

நிறுவனங்களின் கணக்கே வேறு. உள்ளே நம் மென்பொருளை நேசிக்கும் பொறியாளருக்குப் பணம் ஒதுக்கும் அதிகாரம் இருப்பது அபூர்வம். அவர் மேலாளரிடம் போய், “இது எந்தத் தலைப்பில் வரும் செலவு?” என்ற கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். நன்கொடை என்றால் பல இடங்களில் கதவு அங்கேயே மூடிவிடும். இணையதளத்தில் லோகோ என்றால் விளம்பரச் செலவு, மாதாந்திர ஆலோசனை நேரம் என்றால் உதவி ஒப்பந்தம், குழுவுக்கு ஒரு பயிலரங்கு என்றால் பயிற்சிச் செலவு. மேல்படி ஒவ்வொன்றும் இப்படி ஏதோவொரு தலைப்பில் பொருந்தும்படி எழுதப்பட்டால், அந்தப் பொறியாளரின் பாதி வேலையை நாமே செய்து கொடுத்தது போலாகும். ஒரு படியாவது மேலாளர் தன் கார்டிலேயே கட்டிவிடக்கூடிய தொகையில் இருக்கட்டும். அதற்கு மேல் போனால் கொள்முதல் பிரிவு வரும்; இன்வாய்ஸ், வரிப் படிவம், ஆண்டுக்கு ஒருமுறை செலுத்தும் வழி மூன்றையும் கேட்பார்கள். அவை தயாராக இல்லாவிட்டால் “சரி” என்று சொன்ன நிறுவனம்கூட மாதக்கணக்கில் இழுக்கும். பதிலுக்குச் சேவை தந்தால் வரிக்கணக்கில் அது நன்கொடையாக இல்லாமல் வருமானமாக மாறக்கூடும் என்பதால், கணக்காளரிடம் முதலிலேயே பேசிவிடுவது நல்லது.

பணம் யார் பெயரில் சேர்கிறது என்பதும் அப்போதே முடிவாக வேண்டும். பராமரிப்பாளர் ஒருவர்தான் என்றால் கிட்ஹப் ஸ்பான்சர்ஸ் எளிது; தனிநபர் கணக்கிலிருந்து வரும் தொகையில் கிட்ஹப் கட்டணம் பிடிப்பதில்லை, நிறுவனக் கணக்கு என்றால் 6 சதவீதம் வரை போகும். பலர் சேர்ந்த திட்டம் என்றால் ஓபன் கலெக்டிவ் என்ற கூட்டு நிதித் தளம் பொருத்தம். அங்கே ஓபன் சோர்ஸ் கலெக்டிவ் என்ற அமைப்பு சட்டப்படி பணத்தை வைத்துக்கொண்டு 10 சதவீதம் எடுத்துக்கொள்கிறது. வரவும் செலவும் எல்லோர் பார்வைக்கும் திறந்திருக்கும். அந்த வெளிப்படைத்தன்மைக்கு 10 சதவீதம் கொடுக்கலாம் என்பதே என் கருத்து. நம் சொந்தத் தளத்தில் நேரடியாக வசூலித்தால் 1 டாலர் படி வேண்டாம். கார்டுக்கு 2.9 சதவீதமும் 30 சென்டும் பிடிக்கப்பட்டால் மூன்றில் ஒரு பங்கு அங்கேயே போய்விடும்.

லோகோ இடத்தை விலைக்குக் கேட்டு முதலில் வருபவர்களில் சூதாட்டத் தளங்களும், தேடுபொறியில் மேலேற இணைப்பு வாங்குபவர்களும் இருப்பார்கள். எந்த ஸ்பான்சரையும் மறுத்துப் பணத்தைத் திருப்பித் தரும் உரிமை திட்டத்துக்கு உண்டு என்ற வரியைப் படிகளுக்கு மேலேயே எழுதிவிடுங்கள். லோகோ இணைப்புகளில் ‘ஸ்பான்சர்டு’ என்ற ரெல் பண்பை (இது பணம் பெற்ற இணைப்பு என்று தேடுபொறிக்குச் சொல்லும் குறிப்பு) சேர்த்தால் இணைப்பு வாங்க வந்தவர்கள் தாமாகவே விலகிவிடுவார்கள்.

எந்த விலைக்கும் விற்கக் கூடாதவையும் உண்டு. புல் ரிக்வெஸ்டை, அதாவது வெளியிலிருந்து வரும் நிரல் மாற்றக் கோரிக்கையை, ஏற்பது அவற்றில் ஒன்று. பாதுகாப்பு ஓட்டை பற்றிய தகவலைப் பணம் கட்டியவர்களுக்கு முன்கூட்டியே தருவது அதைவிட மோசம்: பட்டியல் நீள நீளக் கசியும் வாய்ப்பு கூடும், கட்டாத பயனர்கள் ஆபத்தில் நிற்பார்கள். 2014இல் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டபோது, அது இருந்த, இணையத் தகவலை மறையாக்கம் செய்ய உலகமே நம்பியிருந்த ஓபன்எஸ்எஸ்எல் திட்டத்துக்கு ஆண்டு நன்கொடையாகக் கிடைத்துவந்தது சுமார் 2000 டாலர். அந்த நிலையை மாற்றத்தான் பணம் திரட்டுகிறோம். அதற்காகப் பயனர்களை இரண்டாகப் பிரித்துவிட்டால் திரட்டியதன் நோக்கமே கெடும்.

படிகளின் எண்ணிக்கை நான்கைந்தைத் தாண்ட வேண்டாம். மாதாந்திரம் 10, ஒருமுறை 10 என்று கிட்ஹப் அனுமதிக்கிறது. அத்தனையும் திறந்தால் வருகிறவர் தேர்ந்தெடுக்க முடியாமல் போய்விடுவார். 5, 25, 100, 500 என்று நான்கைந்து மடங்கு இடைவெளி இருந்தால் தமக்கானது எது என்று ஒரு பார்வையில் தெரியும். வெளியிட்ட படியின் விலையை அங்கே திருத்த முடியாது. விலை உயர்த்த வேண்டுமானால் பழைய படியை ஓய்வுபெறச் செய்து புதியதைத் திறக்க வேண்டும். ஏற்கெனவே சேர்ந்தவர்கள் தாமாக மாறும்வரை பழைய விலையிலேயே தொடர்வார்கள், பழைய வாக்குறுதிகளும் அவர்களுக்குத் தொடரும். அதனால் உதவி நேரம் கொண்ட மேல்படியைத் தொடக்கத்தில் சற்றுக் கூடுதல் விலையில் வைப்பதே பாதுகாப்பு. யாரும் சேரவில்லையென்றால் குறைந்த விலையில் இன்னொன்றைத் திறப்பது ஐந்து நிமிட வேலை.