முதல் டைவ் கம்ப்யூட்டர்: அல்காரிதத்துக்கு முன் திரையைப் பாருங்கள்

ஸ்கூபா டைவிங்கின் ஆரம்பப் பயிற்சியான ஓபன் வாட்டர் கோர்ஸ் முடித்த கையோடு பலரும் வாங்குவது மாஸ்க், அடுத்து ஃபின். என்னைக் கேட்டால் மாஸ்க்குக்கு அடுத்தபடியாகக் காசு போட வேண்டியது டைவ் கம்ப்யூட்டரில்தான், அதாவது இன்னும் எவ்வளவு நேரம் கீழே இருக்கலாம் என்று கணக்கிட்டுச் சொல்லும் மணிக்கட்டுக் கருவியில். ரெகுலேட்டரும் (மூச்சுக் கருவி) பிசிடியும் (மிதவைச் சட்டை) எந்த டைவ் சென்டரிலும் வாடகைக்குக் கிடைக்கும். ஒருவர் போட்டதை மறுநாள் இன்னொருவர் போட்டால் ஒன்றும் கெட்டுவிடாது. கம்ப்யூட்டர் அப்படியல்ல. ஆழத்தில் சுவாசிக்கும் காற்றின் நைட்ரஜன் உடம்பில் கரைந்து சேரும், அதைக் கணக்கு வைப்பதுதான் அதன் வேலை. காலையில் 28 மீட்டர் போய்வந்தவரின் நைட்ரஜன் கணக்கு அதற்குள் அப்படியே இருக்கும். மதியம் அதைக் கட்டிக்கொண்டு நீங்கள் இறங்கினால் அவருடைய மிச்ச நைட்ரஜன் உங்கள் தலையில் ஏறும், நேரம் சீக்கிரம் தீர்ந்துவிடும். இதைவிட மோசமானது இதன் மறுபக்கம். காலையில் நீங்கள் ஒரு கம்ப்யூட்டருடன் இறங்கிவிட்டு மதியம் புதிதாக எடுத்த வேறொன்றுடன் இறங்கினால், உங்கள் உடம்பில் இருக்கும் நைட்ரஜன் அதற்குத் தெரியவே தெரியாது. ஒரு பயணம் முழுக்க ஒருவருக்கு ஒரே கம்ப்யூட்டர். கணவன் மனைவி ஆனாலும் இரண்டு பேருக்கு இரண்டு வேண்டும்.

கம்ப்யூட்டர் உங்கள் உடம்புக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. அதனிடம் இருப்பது ஒரு பிரஷர் சென்சார், ஒரு கடிகாரம், ஒரு கணக்கு. கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் கூடுகிறது, 18 மீட்டரில் மொத்தம் 2.8 பார். அந்த அழுத்தத்தில் எத்தனை நிமிடம் இருந்தீர்கள் என்பதை வைத்து, உடம்பின் திசுக்கள் எவ்வளவு நைட்ரஜனை உறிஞ்சியிருக்கும் என்று சில விநாடிகளுக்கு ஒருமுறை அது மதிப்பிடுகிறது. ப்யூல்மன் இசட்எச்எல்-16 என்ற மாடலில் இப்படி 16 கற்பனைத் திசுக்கள். ஒன்று சில நிமிடங்களில் பாதி நிறைந்துவிடும், இன்னொன்றுக்கு அதே பாதிக்கு 635 நிமிடம் ஆகும். நீங்கள் தண்ணீர் குடிக்காமல் படகில் வெயிலில் காய்ந்தீர்களா, நீரோட்டத்தை எதிர்த்து மூச்சிரைக்க நீந்தினீர்களா என்பதெல்லாம் இந்தக் கணக்கில் வராது.

எந்த ஆழத்துக்கு எத்தனை நிமிடம் என்று அச்சிட்ட டேபிளை வைத்தே சமாளிக்கலாமே என்றால், பாடி (PADI) என்ற டைவிங் பயிற்சி அமைப்பின் டேபிளில் 18 மீட்டருக்கு 56 நிமிடம். முழு நேரமும் 18 மீட்டரிலேயே கிடந்ததாக வைத்துக்கொண்டு போட்ட கணக்கு அது. பவளப்பாறையில் யாரும் அப்படி டைவ் செய்வதில்லை. 18 மீட்டரில் பதினைந்து நிமிடம், பிறகு மெல்ல மேலேறி 12, 8 என்று முடியும். அந்த ஏற்ற இறக்கத்தைக் கம்ப்யூட்டர் அப்படியே கணக்கில் எடுத்துக்கொள்ளும்.

புதியவர்கள் கேட்கும் முதல் கேள்வி எந்த அல்காரிதம் (கணக்கு முறை) நல்லது என்பது. என் பதில்: முதலில் திரை, அப்புறம்தான் அல்காரிதம். கண்ணுக்குத் தெரியாத எண் எவ்வளவு சரியாக இருந்து என்ன பயன்?

கடையில் இதைச் செய்து பாருங்கள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு உங்கள் மாஸ்க்கை மாட்டுங்கள். வெளிச்சம் குறைந்த மூலையில் நின்று, கையை நீருக்குள் பிடிப்பதுபோல முன்னே நீட்டி, திரையைப் பாருங்கள். ஆழம், டைவ் நேரம், நோ-டெகோ நேரம் (வழியில் கட்டாயமாக நிற்காமல் மேலே வர வேண்டுமானால் இன்னும் எத்தனை நிமிடம் கீழே இருக்கலாம் என்பது) மூன்றும் ஒரே பார்வையில் பிடிபட வேண்டும். தண்ணீருக்குள் பொருட்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும், ஆனால் கால் பங்கு கிட்டத்திலும் தெரியும். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு அந்தக் கிட்டம்தான் தொல்லை. அவர்கள் கைக்கடிகார அளவு மாடல்களை மறந்துவிட்டு, பெரிய எண் உள்ளதை எடுப்பது நல்லது. கறுப்பு வெள்ளை எல்சிடி நல்ல வெளிச்சத்தில் அருமையாகத் தெரியும், பேட்டரியும் மாதக்கணக்கில் தாங்கும். புதுச்சேரிக் கடல் கலங்கியிருக்கும் நாளில் 15 மீட்டரில் நிலைமை வேறு. அங்கே பேக்லைட் எந்த பட்டனில் எரிகிறது, எத்தனை விநாடி எரிகிறது என்பதே முக்கியமாகிவிடும். வண்ணத் திரை அங்கே கைகொடுக்கும், ஆனால் அடிக்கடி சார்ஜ் கேட்கும்.

திரையில் இன்னொன்றைக் கவனமாகப் பார்க்க வேண்டும், இதைப் பெரும்பாலான கடைக்காரர்கள் சொல்வதில்லை. சேஃப்டி ஸ்டாப்பையும் டெகோ ஸ்டாப்பையும் அது எப்படிக் காட்டுகிறது? 5 மீட்டரில் 3 நிமிடம் நிற்பது சேஃப்டி ஸ்டாப். நல்ல பழக்கம், ஆனால் காற்று தீர்ந்துபோனால் விட்டுவிட்டு மேலே வரலாம். டெகோ ஸ்டாப் கட்டாயம், அதை விட்டுவிட்டு வந்தால் குமிழிகள் உருவாகும் ஆபத்து உண்மையானது. விலை குறைந்த கம்ப்யூட்டர்கள் பலவற்றில் இரண்டும் திரையின் ஒரே மூலையில் ஒரே அளவு எழுத்தில் வரும். வித்தியாசம் ஒரு சின்னச் சொல்லோ ஓர் அம்புக்குறியோதான். நோ-டெகோ எண் பூஜ்யமானதும் அந்த இடத்தில் ஸ்டாப்பின் ஆழம், 3 மீட்டர் என்றால் 3, வந்து நிற்கும். புது டைவர் அதைப் பார்த்து இன்னும் 3 நிமிடம் பாக்கி இருக்கிறது என்று படித்துக்கொண்டு கீழேயே இருந்துவிடுவது நடக்கிற காரியம். மேனுவலில் அந்தப் படம் உள்ள பக்கத்தை மொபைலில் எடுத்து வைத்து, இறங்குவதற்கு முந்தைய இரவு ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இப்போது அல்காரிதம். இன்று விற்கும் எந்தப் பெயர்பெற்ற கம்ப்யூட்டரும் 18 மீட்டருக்குள் நோ-டெகோவில் டைவ் செய்பவருக்குப் போதுமானதே. வித்தியாசம் வருவது இரண்டாவது, மூன்றாவது டைவில். சூன்டோவின் ஆர்ஜிபிஎம் வகை, இடைவெளி குறைவாக விட்டு மறுபடி இறங்கினாலோ, வேகமாக மேலேறினாலோ, ஏறி இறங்கி விளையாடினாலோ அடுத்த டைவின் நேரத்தைக் கறாராக வெட்டிவிடும். ஷியர்வாட்டர், கார்மின் போன்றவை ப்யூல்மன் மாடலை கிரேடியன்ட் ஃபேக்டர் என்ற இரண்டு எண்களோடு தருகின்றன. இவற்றின் தயார் அமைப்புகள் 45/95, 40/85, 35/75. இரண்டாவது எண்ணைப் புரிந்துகொண்டால் இப்போதைக்குப் போதும். மேலே வரும்போது திசுக்கள் தாங்கும் எல்லை 100 என்றால் 85-க்கு மேல் போகவிடாதே என்று அர்த்தம். புதியவர்கள் 40/85-இல் தொடங்கலாம். உடம்பு அசதி, குளிர், ஒரே நாளில் மூன்றாவது டைவ் என்றால் 35/75-க்கு மாற்றிவிடுங்கள். சூன்டோ ஸூப் நோவோ போன்றவற்றில் இதையே பி0, பி1, பி2 என்று வைத்திருப்பார்கள், எண் கூடக்கூடப் பாதுகாப்பு கூடும்.

இதனால் தண்ணீருக்குள் என்ன நடக்கும்? வழிகாட்டியின் கம்ப்யூட்டர் 14 நிமிடம் பாக்கி என்று காட்டும்போது உங்களுடையது 4 காட்டலாம். அவருடையதை நம்பிக் கூடவே போகக் கூடாது. நோ-டெகோவுக்கென்று முன்கூட்டியே பேசிவைத்த சைகையைக் காட்டி எண்ணைத் தெரிவித்துவிட்டு, அவருக்கு மேலே இரண்டு மூன்று மீட்டர் உயர்ந்து நீந்துங்கள். அந்தச் சின்ன ஏற்றத்திலேயே எண் நன்றாகக் கூடுவதைப் பார்ப்பீர்கள். அந்த எண்ணை 5 நிமிடத்துக்குக் கீழே போகவிடாமல் டைவை நடத்துவது நல்ல வழக்கம். டெகோ ஸ்டாப்பை மீறினால் சில கம்ப்யூட்டர்கள் 24 மணி நேரம், சில 48 மணி நேரம் பூட்டிக்கொண்டு வெறும் ஆழமானியாக நிற்கும். ஷியர்வாட்டர் பூட்டுவதில்லை, எச்சரித்துவிட்டுக் கணக்கைத் தொடரும். பூட்டிக்கொண்ட கம்ப்யூட்டரைக் கழற்றி வைத்துவிட்டு வேறொன்றை வாங்கிக் கட்டிக்கொண்டு இறங்குபவர்கள் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். அந்த 24 மணி நேரம் உங்கள் உடம்புக்காகத்தான்.

நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூட்டிய காற்று) வசதி இல்லாத மாடலை இன்று வாங்க வேண்டியதில்லை, க்ரெஸ்ஸி லியனார்டோ, மாரெஸ் பக் ப்ரோ போன்ற ஒற்றை பட்டன் மாடல்களிலேயே இருக்கிறது. ஆனால் அதை வைத்து வரும் தவறு பெரியது. 32 சதவீத ஆக்சிஜனுக்கு வைத்த அமைப்பை மாற்றாமல், மறுநாள் சாதாரணக் காற்றில் இறங்கினால் கம்ப்யூட்டர் உள்ளதைவிடக் கூடுதல் நேரம் காட்டும். எண் தாராளமாக இருப்பதால் சந்தேகமும் வராது. நேர்மாறாக, காற்று என்று வைத்துவிட்டு 32 சதவீதத்தில் போனால் நைட்ரஜன் விஷயத்தில் ஆபத்தில்லை, ஆனால் ஆக்சிஜன் எச்சரிக்கை ஒலிக்காது. ஆக்சிஜனின் தனி அழுத்தத்துக்கு வைக்கும் 1.4 பார் எல்லையில் 32 சதவீதத்துக்கு ஆழம் சுமார் 33 மீட்டர், 36 சதவீதத்துக்கு 28 மீட்டரை ஒட்டி. சிலிண்டரின் ஆக்சிஜன் அளவை அனலைஸ் செய்த கையோடு கம்ப்யூட்டரிலும் எண்ணை மாற்றுங்கள், படகில் ஏறிய பிறகு பார்க்கலாம் என்று விடாதீர்கள். வாடகை கம்ப்யூட்டர் கைக்கு வந்ததும் பார்க்க வேண்டியதும் இதுதான்: காஸ் எத்தனை சதவீதம், பாதுகாப்பு நிலை என்ன, கடைசி டைவ் எப்போது.

பேட்டரியில் இரண்டு வழி. பக் ப்ரோ, ஸூப் நோவோ வகையில் சிஆர்2450 பட்டன் செல், நாமே மாற்றலாம். ஷியர்வாட்டரின் பெரெக்ரின் வகையில் உள்ளேயே பேட்டரி, வயர்லெஸ் சார்ஜ். வாட்ச் வடிவ மாடல்கள் சிலவற்றை சர்வீஸ் சென்டருக்கு அனுப்பித்தான் மாற்ற முடியும், நம்மூரிலிருந்து அனுப்பி வாங்குவதற்குள் ஒரு சீசன் போய்விடும். அதனால் அதை வாங்குமுன் பேட்டரி மாற்றுவது எங்கே என்று கேளுங்கள். நாமே மாற்றும்போது தண்ணீர் புகுவதற்குக் காரணம் பெரும்பாலும் ஓ-ரிங்கில் (மூடியை அடைக்கும் ரப்பர் வளையம்) ஒட்டிய ஒரு முடி அல்லது மணல் துகள். கம்ப்யூட்டரை நன்கு உலர்த்திவிட்டு மூடியைத் திறங்கள். பழைய ஓ-ரிங்கைக் கூர்மையான எதையும் வைத்து நெம்பாமல், விரலால் தள்ளிக் கிளப்பி எடுங்கள். பள்ளத்தை நூல் பிரியாத துணியால் துடையுங்கள். புது ஓ-ரிங்கில் சிலிக்கோன் கிரீஸ் பளபளப்பு தெரியும் அளவுக்கு மட்டும் தடவுங்கள். அள்ளிப் பூசினால் அதுவே தூசியைப் பிடித்துவைக்கும். செல்லை விரல்படாமல் ஓரத்தைப் பிடித்துப் போடுங்கள், மூடியின் குறி கோட்டோடு சேருகிறதா என்று பாருங்கள். பிறகு ஒரு கிண்ணத் தண்ணீரில் மூழ்கவைத்துக் குமிழி வருகிறதா என்று கவனியுங்கள். டைவ் நாள் காலையில் இந்த வேலையை வைத்துக்கொள்ள வேண்டாம். செல்லை மாற்றும்போது சில மாடல்களில் நைட்ரஜன் கணக்கு அழிந்துவிடும், எனவே இரண்டு டைவுக்கு நடுவிலும் கூடாது. அந்தமான் போகிறவர்கள் ஒரு செல்லும் ஓர் ஓ-ரிங்கும் கூடவே எடுத்துப்போங்கள்.

சிலிண்டர் அழுத்தத்தை மணிக்கட்டிலேயே காட்டும் டிரான்ஸ்மிட்டர் வசதி எல்லோரையும் இழுக்கும். அதை ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் (ரெகுலேட்டரில் சிலிண்டரோடு சேரும் பகுதி) ஹை பிரஷர் போர்ட்டில் பொருத்த வேண்டும். சொந்த ரெகுலேட்டர் இல்லாதவர் ஒவ்வொரு டைவ் சென்டரிலும் ஸ்பேனரோடு நின்று அனுமதி கேட்க வேண்டியிருக்கும். படகுப் பையன்கள் அதைக் கைப்பிடி என்று நினைத்து சிலிண்டரைத் தூக்குவதும் நடக்கும். ரெகுலேட்டர் வாங்கும் நாளுக்கு அதைத் தள்ளிவையுங்கள், வாங்கிய பிறகும் சாதாரண அழுத்தமானியைக் கழற்றாதீர்கள். ஆப்பிள் வாட்ச் அல்ட்ரா 40 மீட்டர் வரை போகும், ஆனால் ஒரே சாதனத்தில் போன் அழைப்பும் டைவும் இருந்தால் காலையில் சார்ஜ் 30 சதவீதத்தில் நிற்கும். முதல் கம்ப்யூட்டராக அதை நான் சொல்லமாட்டேன்.

ஆரம்ப நிலை மாடல்கள் 200 முதல் 300 டாலர் சுற்றில் கிடைக்கும், வண்ணத் திரை வேண்டுமானால் கிட்டத்தட்ட இரட்டிப்பு. ஆண்டுக்கு ஒரு பயணம் என்றால் முதல் வகை போதும்.

பட்டையை மறக்காதீர்கள். வெட்சூட்டின் நியோபிரீன் ஆழத்தில் நசுங்கி மெலியும், மேலே இறுக்கமாக இருந்த பட்டை 20 மீட்டரில் தளர்ந்து கம்ப்யூட்டர் மணிக்கட்டின் அடிப்பக்கம் சுழன்றுவிடும். பங்கி கயிறு (இழுபடும் ரப்பர் கயிறு) போடும் வசதி இருந்தால் அதைப் போடுங்கள், தானாகச் சுருங்கிப் பிடித்துக்கொள்ளும்.

விமானம் ஏறக் கூடாத நோ-ஃப்ளை நேரத்தைப் பெரும்பாலான கம்ப்யூட்டர்கள் ஒரு விமானப் படத்தோடு காட்டும், பல 24 மணி நேரம் என்று எண்ணிக்கொண்டு வரும். டைவர்களின் பாதுகாப்புக்கான டான் (DAN) அமைப்பின் பரிந்துரை ஒரே ஒரு நோ-டெகோ டைவுக்குக் குறைந்தது 12 மணி நேரம், பல டைவுகளுக்கு 18. ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து (பழைய போர்ட் பிளேர்) விமானம் ஏறுபவர்கள் கடைசி நாளை டைவ் இல்லாமல் வைத்துவிடுவது இதனால்தான். சாலை வழி மலையேற்றத்தை மட்டும் பலர் யோசிப்பதில்லை. விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் 1,800 முதல் 2,400 மீட்டர் உயரத்துக்குச் சமம். கொடைக்கானலும் ஊட்டியும் 2,000 மீட்டரைத் தாண்டியவை. புதுச்சேரியில் காலையில் இரண்டு டைவ் போட்டுவிட்டு இரவே காரில் கொடைக்கானல் ஏறுவது விமானம் ஏறுவதற்குச் சமம். கம்ப்யூட்டரில் அந்த விமானப் படம் மறையும்வரை சமவெளியிலேயே இருங்கள்.

பழையது வாங்குபவர்களுக்கு. பேட்டரி மூடியைத் திறந்து பச்சை பூத்த துரு இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். பட்டன்கள் ஒவ்வொன்றையும் அழுத்திப் பாருங்கள். அந்த மாடலுக்குப் பட்டையும் ஓ-ரிங்கும் இன்னும் கிடைக்கின்றனவா என்று விசாரியுங்கள். முடிந்தால் நீச்சல் குளத்தில் 3 மீட்டரில் வேறொரு கம்ப்யூட்டரோடு சேர்த்துப் பிடியுங்கள். நன்னீர், கடல்நீர் அமைப்பு இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். அரை மீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் சென்சாரில் உப்பு அடைத்திருக்கலாம். வெதுவெதுப்பான நன்னீரில் சில மணி நேரம் ஊறவைத்து மறுபடி பாருங்கள். அந்தச் சிறு துளைகளுக்குள் ஊசி விடுவதோ ஏர் கன்னால் ஊதுவதோ சென்சாரைக் கொன்றுவிடும்.