பாஸ்வேர்டு சரிதான், நம்பர்தான் என்னிடம் இல்லை

மூன்று வாரமாக என் பழைய மெயிலுக்குள் போக முடியவில்லை. பாஸ்வேர்டு மறக்கவில்லை, விரல் தானாக அடிக்கிறது, அதுவும் சரியென்று ஏற்றுக்கொள்கிறது. அதற்கு அப்புறம்தான் பதிவு செய்த எண்ணுக்கு ஓடிபி அனுப்பியிருக்கிறோம் என்று வந்து நிற்கிறது. அந்த எண், 2009இல் புனலூரில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதப் போனபோது வாங்கிய கேரளா சிம்.

செங்கோட்டைப் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அப்போதெல்லாம் கேரள எல்லையில் இருக்கிற புளியரை தாண்டி மலை ஏறினாலே ரோமிங், வருகிற போனுக்கும் காசு போகும். அந்தப் பக்கம் வேலைக்குப் போய் வருகிறவர்கள் இரண்டு சிம் வைத்திருப்போம், ஆரியங்காவு வந்ததும் மாற்றிப் போடுவோம். வாரத்தில் ஆறு நாள் புனலூர் என்பதால் மெயிலுக்கும் அந்த எண்ணையே கொடுத்தேன். 2013இல் கல்யாணமாகி வேலையை விட்டதும் சிம்மைக் கழற்றிப் பொத்தான் டப்பாவில் போட்டதோடு சரி. ப்ரீபெய்டு எண்ணை 90 நாள் பயன்படுத்தாமல், 20 ரூபாய் இருப்பும் இல்லாமல் விட்டால் அதை நிறுத்திவிடலாம், கொஞ்ச காலம் கழித்து வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடலாம் என்பதெல்லாம் இப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

இத்தனை வருடம் இது வெளியே வராததற்குக் காரணம் வீட்டு லேப்டாப். அதில் நான் லாக்அவுட் செய்ததே இல்லை, திறந்தால் மெயில் இருக்கும். போன மாதம் ஒரு இடி மின்னல் ராத்திரியில் அதன் போர்டு போய்விட்டது. புது போனில் நுழையப் போனேன், தெரியாத கருவி என்று ஓடிபி கேட்டுவிட்டது.

அந்த மெயிலில் பேங்க், வேலை சமாச்சாரம் எதுவும் இல்லை. அப்பா இருக்கிறார்.

அண்ணன் 2004இல் ஷார்ஜா போனான். ஐஎஸ்டி பேசிக் கட்டுப்படியாகாது. அப்பா ஆரியங்காவு, தென்மலைப் பக்கம் போய் நல்லமிளகு வாங்கி வந்து விற்பவர். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி என்னைக் கூட்டிக்கொண்டு பிரவுசிங் சென்டருக்கு வருவார், பக்கத்தில் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் தட்டுவேன். அந்தச் சின்னத் தடுப்புக்குள் அவர் சட்டையின் மிளகு வாசம் நிறைந்திருக்கும். தமிழைத்தான் ஆங்கில எழுத்தில் தட்டுவேன், அப்பாவுக்கு அதைப் படிக்க வராது, அதனால் அனுப்பும் முன் முழுக்க வாசித்துக் காட்ட வேண்டும். ஒரு தடவை நான் ‘நாங்கள் நலமாக இருக்கிறோம்’ என்று போட்டிருந்தேன். “நான் அப்படியா சொன்னேன்? ஒரு குறையுமில்லன்னு போடு” என்றார். அழித்து மாற்றினேன். அனுப்பியதும் திரையையே பார்த்துவிட்டு, “போயிட்டா?” என்று கேட்பார்.

2010 செப்டம்பரில் செங்கோட்டை - புனலூர் மீட்டர் கேஜ் வண்டியை நிறுத்தினார்கள். 1904இல் ஆரம்பித்த பாதை, அப்பா மிளகு மூட்டையோடு வாழ்நாள் முழுக்கப் போய்வந்த வண்டி. அந்த வாரம் ஒரு தடவை சும்மாவே ஏறிப் போய் வந்து, பதிமூணு கண் பாலத்தில் வண்டி எப்படி மெதுவாகப் போனது, எந்த ஸ்டேஷனில் யார் இறங்கி அழுதார்கள் என்று சொல்லிக்கொண்டே போனார், ஒன்றரை மணி நேரம் தட்டினேன். அகலப் பாதையில் வண்டி விட்டது 2018இல். அப்பா 2016இலேயே போய்விட்டார். வருடா வருடம் அவர் திதியன்று அந்த மெயிலை எடுத்துப் படிப்பேன்.

வேறு வழி தெரியாமல் அந்தப் பழைய எண்ணுக்கே போன் போட்டேன். கொட்டாரக்கரைப் பக்கம் ஒரு பெரியவர் எடுத்தார். எனக்குத் தெரிந்த மலையாளத்தில் எல்லாம் சொன்னேன், பொறுமையாகக் கேட்டார், அப்பா கடிதம் என்றதும் “அய்யோ” என்றார். ஓடிபி என்றதும் குரல் மாறிவிட்டது. “ஆர்க்கும் கொடுக்கான் பாடில்ல மோளே.” யாருக்கும் கொடுக்கக் கூடாது மகளே என்கிறார். அவர் சொன்னது முழுக்கச் சரி. இப்படிக் கதை சொல்லித்தானே எத்தனையோ பேரிடம் பணத்தை உருவுகிறார்கள். மன்னிப்புக் கேட்டு வைத்துவிட்டேன், இரண்டாம் முறை கூப்பிடவில்லை.

ஆனால் அந்த மெயில் நிறுவனத்தின் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. எண் கைமாறும் என்பது ஊருக்கே தெரிந்த விஷயம், அதை வைத்து இன்னார் என்று முடிவு செய்வது எப்படி நியாயம்? கணக்கை மீட்கும் படிவத்தை ஐந்து முறை நிரப்பினேன், எந்த மாதம் தொடங்கினாய் என்பதற்குக்கூடப் பதில் எழுதினேன். உறுதி செய்ய முடியவில்லை என்ற அதே இரண்டு வரி. பேச ஒரு ஆள் கிடையாது.

இதைப் படிக்கிறவர்கள் தயவுசெய்து இன்றைக்கே உங்கள் மெயிலில் எந்த எண் இருக்கிறது என்று பாருங்கள், அம்மா அப்பா மெயிலையும் சேர்த்து. கூகுள் கணக்கில் டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் போட்டிருந்தால், ஓடிபி கிடைக்காதபோது பயன்படுத்த பேக்கப் கோடு என்று எட்டு இலக்கத்தில் பத்து எண் கொடுப்பார்கள், எழுதி ரேஷன் கார்டோடு வையுங்கள். கூகுளின் டேக்அவுட் என்ற வசதியில் மெயில் மொத்தத்தையும் இறக்கிக்கொள்ளலாம். நுழையாமலே விட்டாலும் ஆபத்துதான்: யாகூவில் 12 மாதம், கூகுளில் 2 வருடம் தாண்டினால் அழித்துவிடலாம் என்று விதியே இருக்கிறது.

போன வாரம் அண்ணனிடம் அழுதேன். அப்போது இன்பாக்ஸ் சில எம்பிதான், அதனால் படித்ததும் அழிப்பது அவன் பழக்கம், இடம் தாராளமான பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. ஆனால் தான் அனுப்பியதை அவன் அழிக்கவில்லை. அவன் எழுதிய பதில்களுக்குக் கீழே, வரிக்கு வரி அம்புக்குறி போட்டு, அப்பா சொன்னது அப்படியே ஒட்டிக்கொண்டு இருக்கிறது. தேடியதில் பதினொன்று கிடைத்தன. ரயிலைப் பற்றி அப்பா சொன்ன மெயில் அதில் இல்லை, அதைப் படித்த அன்று மனசு தாங்காமல் நேராகப் போன் செய்துவிட்டானாம்.

கிடைத்ததைத் தமிழ் எழுத்தில் தட்டிக்கொண்டு இருக்கிறேன். நேற்று மூன்றாவது முடிந்தது. “எலே, சாரல் விழ ஆரம்பிச்சிட்டு. மிளகு காய மாட்டேங்கு. உங்கம்மைக்கு முட்டுவலி தேவலை. ஒரு குறையுமில்ல.”