மரச்சேணம்: கயிறு தளரும் அந்தச் சாண் அளவு

வேட்டைக்கு மரமேறும் பலர், விழுந்தால் தாங்கிக்கொள்ளும் என்று நம்பித்தான் சேணத்தை மாட்டுகிறார்கள். இடுப்பையும் தொடையையும் சுற்றும் அந்தப் பட்டைகள், ஆளை விழவிடாமல் ஓரிடத்தில் இருத்தி வைக்கவே தைக்கப்பட்டவை. விழுந்தவரைப் பிடிப்பது வேறு வேலை. அதற்கு வேறு சாதனம்.

கணக்குப் போட்டால் விளங்கிவிடும். 90 கிலோ எடையுள்ளவர், டெதர் (சேணத்தை மரத்தோடு இணைக்கும் கயிறு) தளர்ந்து கிடந்ததால் 60 செ.மீ. விழுகிறார். கயிறும் உடம்புமாகச் சேர்ந்து அடுத்த 10 செ.மீ.க்குள் அவரை நிறுத்துகின்றன என்று வைத்துக்கொள்வோம். சராசரி இழுவையே 6 கிலோநியூட்டனைத் தாண்டுகிறது, அதாவது அவர் எடையைப்போல் ஏழு மடங்கு. அத்தனையும் இடுப்பிலும் முதுகிலும்தான் இறங்கும். மார்புப் பட்டை கிடையாது என்பதால் ஆள் தலைகீழாகவும் புரளலாம். டெதர் முன்பே விறைப்பாக இருந்து, கால் மட்டும் நிற்கும் பலகையிலிருந்து வழுக்கினால் இழுவை ஏறத்தாழ இரண்டு மடங்கோடு நின்றுவிடும். ஆகவே டெதரை நெற்றி உயரத்துக்குக் கீழே இறக்கிக் கட்டக் கூடாது. எழுந்து நிற்கும்போதும் தளர்ந்த கயிற்றை மேலே இழுத்து விறைப்பாக்கிக்கொண்டே இருக்க வேண்டும். சோம்பல் வரும் இடம் இதுதான்.

தளர்வை நீக்க, கயிற்றைக் கவ்விப் பிடிக்கும் பற்கள் வைத்த கருவி வசதியானது. ஆனால் திடீர் இழுவையில் அந்தப் பற்களே கயிற்றின் மேலுறையைக் கிழித்துவிடும். புருசிக் முடிச்சு (டெதரைச் சுற்றி நூல்கயிற்றால் போடுவது; எடை விழுந்தால் இறுகும்) கொஞ்சம் மெதுவானது, அவ்வளவுதான். அதன் நூல்கயிறு டெதரைவிட மெல்லியதாக இருக்க வேண்டும். மூன்று சுற்று, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல். தரையிலிருந்து ஓரடி உயரத்தில் முழு எடையையும் போட்டுப் பார்த்துவிட்டு ஏறுவது நல்லது. டெதரின் நுனியில் ஒரு தடுப்பு முடிச்சு கட்டாயம். இல்லாவிட்டால் புருசிக் நுனிவழியே உருவிக்கொண்டு போய்விடும்.

ஏறும்போது இடுப்போடு மரத்தைச் சுற்றும் லைன்மேன் கயிற்றை நம்பி, கைப்பிடியை விடுகிறவர்கள் உண்டு. வழவழப்பான மரத்தில் படி நழுவினால் அந்தக் கயிறும் ஆளோடு சேர்ந்து சறுக்கி இறங்கும். டெதரையும் மரத்தில் சுருக்கிட்டு, தலைக்குமேல் நகர்த்திக்கொண்டே ஏறினால்தான் பிடி இருக்கும்.

குறுக்கே கிளை வந்தால், கிளைக்கு மேலே டெதரைக் கட்டி, அதில் எடையைச் சாய்த்த பிறகே லைன்மேன் கயிற்றைக் கழற்ற வேண்டும். இறங்கும்போது முறை தலைகீழ்: முதலில் லைன்மேன் கயிற்றை மாட்டுவது, பிறகே டெதரை அவிழ்ப்பது. இருட்டில், விறைத்த விரல்களோடு இறங்கும் நேரத்தில்தான் இந்த வரிசை குழம்பும்.

இன்னொன்று கண்ணுக்கே தெரியாது. சேணத்தின் பக்கவாட்டில் எடை தாங்கும் வளையத்துக்குப் பக்கத்திலேயே சாமான் தொங்கவிடும் மெல்லிய வளையங்களும் இருக்கும். தடித்த கையுறையோடு தடவினால் இரண்டும் ஒன்றுபோலவே படும். காரபினர் (பூட்டுள்ள உலோகக் கொக்கி) 'கிளிக்' என்று மாட்டிக்கொள்ளும், பூட்டும் திருகிவிடும். மாட்டியதோ சாமான் வளையத்தில். எடை தாங்கும் வளையத்தில் மட்டும் வேறு நிற டேப் சுற்றிவையுங்கள். மாட்டியபின் டார்ச் அடித்துப் பார்த்து, பின்னால் சாய்ந்து இழுத்துப் பாருங்கள்.

பலகை விழுந்து தொங்க நேர்ந்தால் காலை அசைக்காமல் இருக்கக் கூடாது. ரத்தம் காலில் தேங்கி மயக்கம் வரும். மிதித்து எழுந்து நிற்க ஒரு கால்வளையம் கைக்கெட்டும் பையில் இருக்கட்டும். முதுகுப்பையில் வைத்து அதை மரத்தின் மறுபக்கம் மாட்டியிருந்தால் எட்டாது.